ஒன்றே கால் கிலோ

டிசம்பர் 1, ஞாயிறு

இடது தோளில் தைலம் தேய்த்துக்கொண்டு இதை எழுதுகிறேன். நேற்று டாப்ஸ்லிப் போய் வந்தோம். துரை ஒரு மரங்கொத்தியைப் படம் எடுத்துவிட்ட சந்தோஷத்தில் ஹாலில் சீட்டியடித்துக்கொண்டிருக்கிறார். மரங்கொத்தி அவருடைய கம்ப்யூட்டரில் இருக்கிறது. காமிராவை நிறுத்தும் நாலு கிலோ ட்ரைபாட் அழுத்திய பள்ளம் என் தோளில் இருக்கிறது.

புது நோட்டு என்பதால் ஒரு முறை சொல்லிவைக்கிறேன். துரை என்று நான் எழுதுவது என் வீட்டுக்காரர் தெய்வசிகாமணியை. பொள்ளாச்சியில் பாதிப் பேருக்கு அவர் தேங்காய் நார் மில் முதலாளி, மீதிப் பேருக்குப் பறவைப் படம் எடுக்கிறவர். அவர் பின்னால் முக்காலியைச் சுமந்துகொண்டு நடக்கிற பொம்பளையை யாருக்கும் தெரியாது. வாரத்தில் ஐந்து நாள் அந்தப் பொம்பளை சாந்தாமணி டீச்சர், ஆறாம் ஏழாம் வகுப்புக் கணக்கு. சனி ஞாயிறு சுமைக்காரி.

காலையில் இட்லி வைக்கும்போது சொல்லிவிட்டேன், இனிமேல் அந்த இரும்பை நான் தொடமாட்டேன் என்று. அது அலுமினியம்தான், கோபத்தில் எனக்கு எல்லாம் இரும்பு. வருஷா வருஷம் சொல்வதுதான். இந்த முறை என்னவோ அவர் மறுபேச்சுப் பேசவில்லை, வேறு வாங்கிவிடலாம் என்றார். பிப்ரவரியில் இமயமலைப் பக்கம் ஸ்பிட்டி என்ற இடத்துக்குப் பனிச்சிறுத்தை எடுக்கப் போகிறார்களாம். கோயமுத்தூர்க் கண் டாக்டர் நந்தகோபாலின் ஏற்பாடு. அவர்தான் இவர்களுடைய படக் குழுவுக்குத் தலைவர். விமானத்தில் போய், பிறகு ஜீப்பில் போய், பிறகு பனியில் ஏறி நடக்க வேண்டும், பழைய ட்ரைபாடெல்லாம் உதவாது என்றார்.

பனி. ஃப்ரிட்ஜின் மேல்தட்டைத் தவிர வேறெங்கும் நான் பனியைப் பார்த்ததில்லை.

‘வர்றியா’ என்று இவர் என்னை எப்போதும் கேட்டதில்லை. ‘கெளம்பு அம்மிணி’ என்பார், அவ்வளவுதான். வால்பாறைக்கும் அப்படித்தான், பரம்பிக்குளத்துக்கும் அப்படித்தான். இமயமலைக்கும் அப்படித்தான் சொல்வார். ஸ்வெட்டர் வாங்க வேண்டும்.

டிசம்பர் 8, ஞாயிறு

ட்ரைபாட் பார்க்கும் வேலை என் தலையில். “நீயே பாரு அம்மிணி. தூக்கறவளுக்குத்தான தெரியும் எது வேணும்னு,” என்று சொல்லிவிட்டு மில்லுக்குப் போய்விட்டார். இத்தனை வருஷம் சுமந்த சாமானைப் பற்றி இப்போதுதான் உட்கார்ந்து படிக்கிறேன்.

கனமில்லாத ட்ரைபாட் என்று தேடினால் ஊர்ப்பட்டது வந்து நிற்கிறது. முக்கால் கிலோவுக்குக்கூட இருக்கிறது. அதன் கடைசித் துண்டுக் கால் இளநீர் உறிஞ்சும் குழல் அளவு. அதில் இவருடைய லென்ஸை ஏற்றினால் யாராவது தும்மினாலே ஆடும். லென்ஸும் காமிராவும் சேர்ந்து இரண்டே முக்கால் கிலோ, சமையலறைத் தராசில் நானே நிறுத்தேன். தாங்கும் என்று கம்பெனிக்காரன் அச்சடித்திருக்கும் எடையில் பாதியைத்தான் நம்ப வேண்டும் என்று பாலக்காட்டுப் பையன் ஒருவன் வீடியோவில் சொன்னான். அவன் முகத்தைப் பார்த்தால் ஏமாந்தவன் மாதிரி இருந்தது, அதனால் நம்பினேன்.

கால் எத்தனை துண்டாக மடிகிறதோ அத்தனைக்குப் பைக்குள் அடங்கும், அத்தனைக்கு ஆட்டமும் கொடுக்கும். நடுத்தண்டை உயர்த்தினால் உயரம் கிடைக்கும், படம் கலங்கும். கனம் குறைய வேண்டும், ஆடக்கூடாது, உயரம் வேண்டும், மடித்தால் சின்னதாக வேண்டும். இந்த நாலையும் சேர்த்துக் கேட்டால் எந்தச் சமன்பாட்டுக்கும் விடை வராது. ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். உயரத்தை விட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். சிறுத்தை வரும்வரை பனியில் உட்காரத்தானே போகிறோம்.

டிசம்பர் 16, திங்கள்

பெரிய டீச்சரிடம் பிப்ரவரி 24 முதல் மார்ச் 3 வரை விடுப்பு எழுதிக் கொடுத்தேன். காரணம் கேட்டார். இமயமலை என்றேன். காய்ச்சலுக்கும் சொந்தக்காரர் கல்யாணத்துக்கும் மட்டும் லீவு கேட்டுப் பழகிய வாய், அந்த வார்த்தையைச் சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருந்தது.

அடுத்த பீரியடுக்குள் ஸ்டாஃப் ரூம் முழுக்கப் பரவிவிட்டது. எஸ்தர் டீச்சர் என் பக்கத்து நாற்காலி, ஆங்கிலம் எடுக்கிறவள். “குடுத்து வெச்சவங்க டீச்சர் நீங்க,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் வீட்டுக்காரரும் புதிதாகக் காமிரா வாங்கியிருக்கிறாராம். மின்கம்பியில் உட்காரும் கரிச்சானைத் தவிர இதுவரை எதையும் எடுத்த பாடில்லை.

நான் அலட்டிக்கொள்ளவில்லை. சும்மா முக்காலி தூக்கத்தான் போகிறேன் என்றேன். கொஞ்சம் அலட்டிக்கொண்டேன்.

டிசம்பர் 29, ஞாயிறு

அரையாண்டு விடுமுறை. கோயமுத்தூர் போய் ஸ்வெட்டர், உள்ளே போடும் கம்பளி உடுப்பு, கையுறை எல்லாம் வாங்கி வந்தேன். கையுறை ஊதா நிறம், மணிக்கட்டில் வெள்ளைப் பூ. சாம்பல் நிறமும் இருந்தது. எதற்குச் சாம்பல் நிறம், ஆயுசுக்கு ஒரு தடவை போகிறேன்.

சாயங்காலம் மொட்டை மாடியில் கையுறையை மாட்டிக்கொண்டு பழைய ட்ரைபாடை விரித்து மடக்கிப் பார்த்தேன். இதன் காலில் இருப்பது விரலால் நிமிண்டித் திறக்கும் தாழ்ப்பாள். கையுறையோடு அது சரிப்படவில்லை, இரண்டு முறை கம்பளி மாட்டிக்கொண்டது. முறுக்கித் திறக்கும் வகை என்றால் கம்பளிக் கையிலும் பிடி கிடைக்கும். அலுமினியம் வேறு அந்தக் குளிரில் தொட்டால் கையைச் சுடும் என்கிறார்கள், கார்பன் ஃபைபர் அப்படி இல்லையாம். ஆக முறுக்கு வகை, கார்பன். இதெல்லாம் துரைக்குத் தோன்றுமா? அவருக்கு ட்ரைபாட் என்பது கையை நீட்டினால் விரித்த நிலையில் வந்து நிற்கிற பொருள்.

காலையில் மகாலிங்கபுரத்தைச் சுற்றி நடக்கவும் ஆரம்பித்திருக்கிறேன். மலை ஏற மூச்சு வேண்டும்.

ஜனவரி 5, ஞாயிறு

இரண்டில் வந்து நிற்கிறேன். ஒன்று ஒன்றே கால் கிலோ, கால் நாலு துண்டு. இன்னொன்று அதைவிட லேசு, ஆனால் ஐந்து துண்டு. முதலாவதுதான் என் மனசு.

துரையிடம் காட்டினேன். மடித்தால் எத்தனை நீளம் என்று மட்டும் கேட்டார். பெட்டிக்குள் அடங்க வேண்டுமாம். தோளில் மாட்டுகிற பட்டை தனியாக வாங்க வேண்டும், பழைய பட்டை இதற்குச் சேராது என்றேன். பட்டையெல்லாம் எதுக்கு என்றார். ஆம்பளைக்கு என்ன தெரியும் பட்டையைப் பற்றி. கடையிலேயே பார்த்து வாங்கிக்கொள்கிறேன்.

ஜனவரி 19, ஞாயிறு

பொங்கல் கழிந்து இன்றுதான் காந்திபுரம் காமிராக் கடைக்குப் போனோம். கடைக்காரர் பொறுமைசாலி. இரண்டையும் எடுத்து விரித்து நிறுத்தினார். துரை வழக்கம்போல லென்ஸ் அலமாரிப் பக்கம் போய்விட்டார். நான் ஒரு டம்ளரில் பாதி தண்ணீர் கேட்டு வாங்கினேன். ட்ரைபாட் தலையில் டம்ளரை வைத்து, காலை விரலால் சுண்டி, தண்ணீர் எப்போது அடங்குகிறது என்று பார்த்தேன். ஐந்து துண்டுக் காலில் தண்ணீர் குலுங்கிக்கொண்டே இருந்தது. நாலு துண்டில் சட்டென்று நின்றுவிட்டது. கடைக்காரர் இதை இனித் தானும் எல்லோருக்கும் செய்து காட்டப் போவதாகச் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது என்று எழுதுவதில் வெட்கமில்லை.

அப்புறம் கைப்பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு காலை முறுக்கித் திறந்து பார்த்தேன். நன்றாகத் திறந்தது. கழற்றிக் கண்ணாடி மேசைமேல் வைத்தேன்.

“இத யாருங்க தூக்கறது? மேடமுங்களா, சாருங்களா? அதுக்குத் தக்கன பட்டை எடுத்துத் தர்றனுங்க,” என்று கடைக்காரர் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் துரை வந்துவிட்டார். “நாந்தானுங்க. பெட்டிக்குள்ள வெச்சுட்டுப் போயிருவனுங்க, பட்டையெல்லாம் வேண்டாமுங்க. அம்மிணிக்கு இனி ரெஸ்ட்டு. இத்தன வருசமா தோளு நோவுது நோவுதுன்னு சொல்லீட்டே வந்துச்சுங்க, பாவம்.”

சொல்லிவிட்டுக் கையுறையைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. “எனக்குக் கையுறை வேற வாங்கி வெச்சிருக்கியா?” என்று கையை நுழைத்தார். விரல் கணுவோடு நின்றுவிட்டது. “சிறுசா இருக்குது பாரு.”

“மாத்திக்கலாமுங்க,” என்றேன்.

ஆம்பளைக்கு யாராவது ஊதா நிறத்தில் பூப்போட்டு வாங்குவார்களா? அவருக்கும் அது தோன்றவில்லை, கடைக்காரருக்கும் தோன்றவில்லை. ஒன்றே கால் கிலோவை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். பழக்க தோஷத்தில் பையை வாங்கக் கையை நீட்டினேன். அவரே தூக்கிக்கொண்டார்.

வரும் வழியில் கிணத்துக்கடவில் காபி சாப்பிட்டோம். காபி நன்றாக இல்லை.

ஜனவரி 20, திங்கள்

லீவை வாபஸ் வாங்கப் பெரிய டீச்சர் அறைவரை போனேன். உள்ளே யாரோ பெற்றோர் இருந்தார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

ஜனவரி 26, ஞாயிறு

விமான டிக்கெட் வந்துவிட்டது. தெய்வசிகாமணி, ஆண், ஐம்பத்தேழு. அவ்வளவுதான் இருக்கிறது.

நல்லதுதான். மைனஸ் இருபது டிகிரியாம். குளிக்க முடியாது, கக்கூஸ் தண்ணீர் உறைந்துவிடும் என்று அவரே சொன்னார். ஆம்பளைகள் கூட்டமாகப் போகிற இடத்தில் எனக்கென்ன வேலை? இந்த ஒரு வாரம் காலை நீட்டி உட்கார்ந்து மெகா சீரியல் பார்க்கலாம். தோளுக்கும் ஓய்வு. இத்தனை வருஷம் இதைத்தானே கேட்டேன்.

நானும் வருகிறேன் என்று கேட்கலாம்தான். என்னவென்று கேட்பது? இனி தொடமாட்டேன் என்று இட்லித் தட்டோடு கத்திய அதே வாயால், தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றா? அதோடு, கேட்டு வாங்குகிற பழக்கம் எங்களுக்குள் இல்லை. புடவை கூட நான் கேட்டு அவர் வாங்கித் தந்ததில்லை. அவர் கூப்பிடுவார், நான் முனகுவேன், முனகிக்கொண்டே செருப்பை மாட்டுவேன். முனகல் எனக்கு ஒரு ராகம் மாதிரி. அதை இந்த மனுஷன் வார்த்தை வார்த்தையாக எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று இப்போதுதான் தெரிகிறது. மரத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும் ஆந்தை தெரியும், இது தெரியாது.

எனக்கு அவர் மேல் கோபமாக வருகிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

புது ட்ரைபாடுக்கு ஒத்திகை பார்க்க ஆழியாறு போனோம். அவரே தூக்கினார். அதைத் தூக்குவது என்று சொல்லக்கூடாது, குடை மாதிரி கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் வெறும் கையோடு பின்னால் நடந்தேன். கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் முந்தானையைச் சுருட்டிக்கொண்டே போனேன்.

அணைக்குக் கீழே மீன்கொத்தி வந்து உட்காரும் கல் ஒன்று இருக்கிறது. இந்த மாதிரி இடத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம். பறவை வருவதற்கு முன்னால் நான் போய் அந்தக் கல்லின் பக்கத்தில், பறவை உட்காரும் இடத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். என் மூக்கு தெளிவாக விழும்படி லென்ஸில் தூரம் பிடித்து ஒரு படம் எடுத்துப் பார்ப்பார். சரியாக இருந்தால் கையைக் காட்டுவார், நான் விலகி வந்துவிடுவேன். பிறகு அந்த முதல் படத்தை அழித்துவிடுவார். அவர் எடுத்த அத்தனை பறவைக்கும் மானுக்கும் முன்னால் நான் இருந்திருக்கிறேன், ஒரு நிமிஷம்.

இன்றைக்கும் பாறையில் கால் வைத்து இறங்கப் போனேன். “வேண்டாம் அம்மிணி, வழுக்கப் போவுது. இந்தக் காமிரா தானாவே கண்ணத் தேடிப் புடிச்சுக்கும்,” என்றார்.

மீன்கொத்தி வந்தது. படம் துல்லியமாக விழுந்தது. காற்று அடித்தும் ஒரு துளி ஆட்டமில்லை. என் தேர்வு தப்பாது.

பிப்ரவரி 21, வெள்ளி

அவருக்குப் பெட்டி அடுக்கினேன். ட்ரைபாட் குறுக்காகச் சரியாக அடங்கியது. காலுக்கு நடுவில் இருந்த இடைவெளியில் நாலு ஜோடி காலுறையைச் செருகினேன். புதுக் கையுறை, கறுப்பு, பெரிய அளவு. நிலக்கடலை உருண்டை, பருப்புப் பொடி, தலைவலி மாத்திரை. என்னுடைய கம்பளிச் சாமான்கள் பீரோவின் அடித்தட்டில், பழைய போர்வைக்குள் இருக்கின்றன. அவர் அந்தத் தட்டைத் திறந்ததே இல்லை.

பிப்ரவரி 22, சனி

விடியற்காலையில் கிளம்பிவிட்டார். கதவைப் பூட்டிக்கோ என்றார்.

பிப்ரவரி 24, திங்கள்

இன்று முதல் என் லீவு. ஊருக்கெல்லாம் இமயமலை என்று சொல்லிவிட்டேன், இப்போது எந்த முகத்தோடு தெருவில் நடப்பது? அதனால் இமயமலைக்கே போய்விட்டேன். வாசல் கதவை உள்ளே பூட்டி, முன்பக்க ஜன்னலைச் சாத்தி, பால்காரரிடம் பாக்கெட்டைப் பின்பக்கம் போடச் சொல்லிவிட்டேன். காய்கறிக்காரி கூவிக்கொண்டு போனாள். எட்டிப் பார்க்கவில்லை. கத்தரிக்காய் வாங்க முடியாத இமயமலை.

எஸ்தர் வாட்ஸ்அப்பில் கேட்கிறாள்: டீச்சர், பனி விழுந்துச்சா? போட்டோ அனுப்புங்க.

துரை காலையில் ஒரு படம் அனுப்பியிருந்தார். வெள்ளை மலை, கீழே பொம்மை வீடு மாதிரி ஒரு கிராமம். அதை அப்படியே அவளுக்குத் தள்ளிவிட்டேன். கீழே, கை விறைக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று எழுதினேன். எழுதும்போது மின்விசிறி நாலில் சுற்றிக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 25, செவ்வாய்

சீரியல் பார்க்கவில்லை. வாழைக்காய் பஜ்ஜி போட்டு நானே தின்றேன்.

பிப்ரவரி 27, வியாழன்

மத்தியானம் பீரோவைத் திறந்து ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். கையுறையும் போட்டேன். வெளியே முப்பத்தைந்து டிகிரி வெயில். வேர்த்துக் கொட்டியது. கழற்றவில்லை, கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

எனக்குப் போக வேண்டும் என்று இருந்தது. சிறுத்தை ஒன்றும் எனக்குப் பெரிசில்லை. விடியாத நேரத்தில் அவர் முன்னால், நான் பின்னால், பேச்சே இல்லாமல் நடப்போமே, அது வேண்டும். அவர் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டுவார். நான் ட்ரைபாடை அந்தக் கையில் வைப்பேன். வீட்டில் அவர் ஒரு நாளும் அப்படி என்னை நம்பிக் கையை நீட்டியதில்லை. இந்த வீட்டில் அவருக்கு நான் இல்லாவிட்டாலும் சோறு கிடைக்கும். காட்டில் நான் இல்லாவிட்டால் நடக்காது என்று நினைத்திருந்தேன்.

எழுதிவிட்டேன். போய் முகம் கழுவ வேண்டும்.

மார்ச் 4, செவ்வாய்

நேற்றுச் சாயங்காலம் வந்து சேர்ந்தார். மூக்குத் தோல் உரிந்திருக்கிறது, உதடு வெடித்திருக்கிறது, கண்ணில் மட்டும் இருபத்தைந்து வயசு. சட்டைகூட மாற்றாமல் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார்.

பாறைமேல் படுத்திருக்கிறது அந்தச் சிறுத்தை. வாலே உடம்பளவு நீளம். மீசை ஒவ்வொன்றாக எண்ணலாம், மீசையில் ஒட்டியிருந்த பனித் துகளையும் எண்ணலாம். இத்தனை வருஷத்தில் அவர் எடுத்ததிலேயே சிறந்த படம் இதுதான். எங்காவது கலங்கியிருக்கிறதா என்று தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை.

“என்ன காத்துங்கற! ஒரு சொட்டு ஆடல. உன்ற செலக்சன் பிரமாதம் அம்மிணி. நானே தூக்கீட்டுப் போனேன், நானே நிறுத்துனேன். ஒருத்தர் தயவும் தேவைப்படல.”

சந்தோஷம் என்றேன். வெந்நீர் போட்டுக் கொடுத்தேன்.

இன்று பள்ளியில் கதை கேட்கச் சுற்றிக்கொண்டார்கள். பால் உறைந்ததையும், பல் துலக்கப் பனிக்கட்டியை அடுப்பில் உருக்கியதையும், பனியில் நடக்கும்போது காலடியில் அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம் வருவதையும் சொன்னேன். எல்லாம் நேற்று ராத்திரி சாப்பிடும்போது அவர் சொன்னது. அப்பளம் மட்டும் என்னுடையது. எஸ்தர் கண் கொட்டாமல் கேட்டாள். பாவமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

இன்று படக் குழுவின் கூட்டம், பொள்ளாச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி ஹாலில். ஸ்பிட்டி போனவர்கள் திரையில் படம் போட்டுக் காட்டினார்கள். நான் கடைசிக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் பக்கத்து நாற்காலியில் எஸ்தர் வந்து உட்கார்ந்தாள், வீட்டுக்காரரோடு. அவர் இந்த மாதம்தான் குழுவில் சேர்ந்தாராம்.

சிறுத்தைக்கு எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். துரை கூச்சத்தோடு கும்பிட்டார். அதோடு விளக்கைப் போட்டிருக்கலாம். பயண நினைவுகள் என்று இன்னும் கொஞ்சம் படம் ஓட்டினார்கள். ஜீப், கூடாரம், தேநீர்க் குவளை. அப்புறம் பனியில் ஒரு அம்மாள், சிவப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு. நந்தகோபால் டாக்டரின் மனைவி. அடுத்த படத்தில் அவரோடு இன்னொரு பெண், அவளும் யாரோ ஒருவருடைய மனைவிதான். ஆம்பளைகள் மட்டும் போகிற இடம் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானே எனக்குச் சொல்லிக்கொண்டது.

“நீங்க எங்க டீச்சர்? ஒண்ணுலயும் காணமே?” என்றாள் எஸ்தர்.

“ட்ரைபாட் தூக்கறவ பின்னாலதான எஸ்தர் நிப்பா. படத்துல எப்படி விழுவா?” என்றேன். சொன்னது பொய். ஆனால் வால்பாறையில், பரம்பிக்குளத்தில், டாப்ஸ்லிப்பில் எல்லாம் அது நிஜம்.

அவள் நம்பிவிட்டாள். தப்பித்தேன் என்று டீ வாங்கப் போனேன். திரும்பி வந்தால் துரையைப் பிடித்து வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். “டீச்சர் சொல்லச் சொல்ல எங்களுக்கே குளிரெடுத்துருச்சுங்க சார். பாலு உறைஞ்சது, அப்பளம் மாதிரி பனி நொறுங்குனது. உங்ககூட வந்ததுல அவங்களுக்கு அவ்ளோ சந்தோஷமுங்க.”

துரை என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன். ஆடை படிந்திருந்தது. இதோ போயிற்று மானம், நாளைக்கு ஸ்டாஃப் ரூம் பூராவும் சிரிக்கும் என்று காது சூடாகிவிட்டது.

“ஆமாங்க டீச்சர்,” என்றார் அவர், நிதானமாக. “அம்மிணி இல்லீன்னா எனக்கு ஒரு படமும் கெடையாதுங்க.”

எஸ்தருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அவள் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்து, கேட்டுக்குங்க என்றாள். நான் டீயைக் குடித்தேன். இந்த ஒரு வாக்கியத்தை அவர் வாயிலிருந்து கேட்க எத்தனை மலை ஏறி இறங்கியிருப்பேன். மரங்கொத்திக்குச் சொல்லியிருக்கலாம், மீன்கொத்திக்குச் சொல்லியிருக்கலாம். நான் போகாத இடத்துக்குச் சொன்னார், என்னைக் காப்பாற்றுவதற்காக.

வீட்டுக்கு வந்து தோசைக்கல்லை வைத்தேன். சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“வரோணும்னு இருந்துச்சா, அம்மிணி?”

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு இந்த மாதிரி ஒரு கேள்வியை அவர் கேட்டதில்லை. திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். பயந்து போயிருந்தது அந்த முகம். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டால் கழிந்துபோன எல்லா வருஷத்தையும் எடுத்துத் திரும்பப் பார்க்க வேண்டுமே என்ற பயம்.

“எனக்கென்னங்க வேல அந்தக் குளிருல? ஸ்டாஃப் ரூம்ல சும்மா அளந்து உட்டேன்.”

அவருக்கு மூச்சு வந்தது. சிரிக்கக்கூடச் செய்தார். “அதான பாத்தேன். வீட்டுல கூட்டீட்டு வர்லீங்களான்னு டாக்டர் கேட்டாரு. நானும் இதயேதான் சொன்னேன், என்ற வீட்டுல இதெல்லாம் புடிக்காதுங்கன்னு.”

டாக்டர் கேட்டிருக்கிறார். எனக்குப் பதிலாக இவர் சொல்லியிருக்கிறார். இன்றைக்கு நானும் அதே பதிலைச் சொல்லி அவர் சொன்னது சரிதான் என்று ஆக்கிவிட்டேன். மூன்று தோசை சாப்பிட்டார், நாலாவது கேட்டார், போட்டேன்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அடுத்த தடவை நிச்சயம் கூட்டிக்கொண்டு போவார். கெட்டவர் இல்லை. ஸ்வெட்டர் வாங்கித் தருவார், கையைப் பிடித்துப் பனியில் நடத்துவார், நிற்கவைத்து நாலு படம் எடுத்து அழிக்காமல் வைத்திருப்பார். டாக்டர் மனைவியோடு உட்கார்ந்து டீ குடிக்கலாம். அங்கே எனக்குச் செய்ய ஒரு வேலையும் இருக்காது. அவரோடு இனி எந்தக் காட்டுக்குப் போனாலும் நான் விருந்தாளியாகத்தான் போக முடியும்.